ராக் இசையைக் கண்டுபிடித்தவர் ஒரு சபைப் பாடகியா? சிஸ்டர் ரொசெட்டா தார்ப் பற்றி

மழை பெய்து நனைந்த ஒரு ரயில்வே பிளாட்பாரத்தில், கோட்டு போட்ட நடுத்தர வயதுக் கறுப்பினப் பெண் ஒருவர் எலெக்ட்ரிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு சாமிப் பாட்டுப் பாடும் வீடியோவைப் பார்த்திருக்கிறீர்கள். அதன் கீழே "ராக் அண்ட் ரோலைக் கண்டுபிடித்தவர் இவர்தான்" என்று யாரோ எழுதியிருந்தார்களாம். அது உண்மையா, உண்மையென்றால் இத்தனை நாள் இவர் பெயரை ஏன் கேள்விப்படவே இல்லை என்பது உங்கள் கேள்வி. படித்ததும் எனக்குத் தோன்றியது, நீங்கள் கேட்பதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: இந்த அம்மா யார், இவரைப் பற்றிச் சொல்வதில் எவ்வளவு மிகை, சபைப் பாட்டுப் பாடியவரை ராக் இசைக்காரர் என்று அழைப்பது சரிதானா. மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் முதல் இரண்டைச் சொல்லாமல் அங்கே போக முடியாது, அதனால் பதில் நீளும்.

நான் இருபத்தைந்து வருஷமாகக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். அதைவிட அதிக காலமாக எங்கள் பெந்தெகொஸ்தே சபையில் ஞாயிறு ஆராதனைக்கு வாசிக்கிறேன். வரலாற்று ஆய்வாளர் இல்லை. ஆகவே அவர் கை கிட்டாரில் என்ன செய்கிறது என்பதைப் பற்றி என் சொந்தப் பொறுப்பில் பேசுவேன். ஊர், தேதி, வாழ்க்கை விவரங்களுக்கு மற்றவர்கள் தேடி எடுத்து எழுதியதைத்தான் நம்பியிருக்கிறேன். அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடும் இடங்களை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயர் ரொசெட்டா தார்ப். மேடையில் எப்போதும் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். நம் சபைகளில் சகோதரி என்று சொல்வோமே, அதே 'சிஸ்டர்'தான். 1915 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் காட்டன் பிளான்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். பெயரைப் பார்த்தாலே தெரியும், பருத்தி விளையும் பூமி. பிறந்தபோது வைத்த பெயர் என்ன என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை, சிறுமியாகப் பாடியபோது ரொசெட்டா நூபின். அம்மா கேட்டி பெல் நூபின் பாடுவார், மாண்டலின் வாசிப்பார், 'சர்ச் ஆஃப் காட் இன் கிரைஸ்ட்' என்ற கறுப்பினப் பெந்தெகொஸ்தே சபையில் ஊழியக்காரியாக ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் பண்ணுவார். பெண்களைப் போதகராக அபிஷேகம் செய்யாத சபை அது. ஆனால் பெண்கள் சாட்சி சொல்லலாம், போதிக்கலாம், பாடலாம். அந்தச் சின்ன இடைவெளிக்குள் கேட்டி பெல் தனக்கென்று ஒரு வாழ்க்கையைக் கட்டிக்கொண்டார், மகளையும் அதற்குள்ளேயே வளர்த்தார்.

இந்தச் சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் 'ராக்' என்று நீங்கள் கேட்கிற எல்லாவற்றுக்கும் விதை அங்கேதான் கிடக்கிறது. சார்லஸ் ஹாரிசன் மேசன் என்பவர் நிறுவிய சபை அது. அவர் 1907-இல் லாஸ் ஏஞ்சலிஸ் அசுசா தெரு எழுப்புதல் கூட்டங்களுக்குப் போய்த் திரும்பிய பிறகு முழுக்கப் பெந்தெகொஸ்தே சபையாக மாறியது. அக்காலத்து வசதியான கறுப்பின பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் சபைகள் பலவற்றில் அடக்கமான பாடகர் குழுவும் ஆர்கனும்தான் மரியாதை. இங்கேயோ டிரம், கிட்டார், கஞ்சிரா மாதிரியான டாம்பரின், டிராம்போன், யார் கையில் எது இருக்கிறதோ அது. "பேரோசையுள்ள கைத்தாளங்களோடும் அவரைத் துதியுங்கள்" என்று 150-ஆம் சங்கீதம் சொல்வதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினால் கைதட்டு இரண்டிலும் நான்கிலும் விழும். அந்தத் தட்டின் மேல் ஒரு கூட்டமே அரைமணி, ஒருமணி நேரம் ஏறிக்கொண்டே போகும். நம் ஊரில் கன்வென்ஷன் பந்தலில் இரவு ஆராதனையைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

நான்கு வயதிலேயே ரொசெட்டா கிட்டார் வாசித்துப் பாடினார் என்று சொல்வார்கள். நான்கா ஆறா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, ஆனால் ஆறு வயதில் அம்மாவோடு சுற்றுப்பயணத்தில் பாடிக்கொண்டிருந்தார் என்பது உறுதி. 1920-களில் இருவரும் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் வடக்கு நகரங்களில் இறங்கிக்கொண்டிருந்த காலம் அது, கூடவே அவர்களுடைய இசைகளான ப்ளூஸும் ஜாஸும் வந்து இறங்கின. சபைக்குள் சாமிப் பாட்டு, கதவைத் திறந்து தெருவுக்கு வந்தால் ப்ளூஸ். இரண்டையும் ஒரே காது கேட்டு வளர்ந்தது. இங்கே அரிசோனா டிரேன்ஸ் என்ற பெயரையும் சொல்லாமல் போனால் அநியாயம். அதே சபையைச் சேர்ந்த, கண் தெரியாத பியானோக்காரர். 1926-லேயே மதுக்கடைப் பியானோவின் வேகத்தில் சாமிப் பாட்டுகளை இசைத்தட்டில் பதிந்தவர். சிறுமி ரொசெட்டா அவரைக் கேட்டுக் கற்றுக்கொண்டிருக்க வாய்ப்பு மிக அதிகம். முன்னோடி என்று ரொசெட்டாவைச் சொல்லும்போது, அவருக்கும் முன்னால் போன ஒரு பெண் இருந்தார் என்பதை நான் எப்போதும் சேர்த்துச் சொல்வேன்.

1934-இல், பத்தொன்பது வயதில், அதே சபையின் ஊழியக்காரர் தாமஸ் தோர்ப் என்பவரோடு கல்யாணம். அது நிலைக்கவில்லை. 1938-இல் அவரை விட்டுப் பிரிந்து நியூயார்க் போனார், ஆனால் கணவரின் குடும்பப் பெயர் கொஞ்சம் உருமாறி 'தார்ப்' என்று கடைசிவரை கூடவே வந்தது. அந்த வருஷத்தின் கடைசி மூன்று மாதங்கள்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டன. அக்டோபரில் காட்டன் கிளப்பில் ஜாஸ் பேண்டு தலைவர் கேப் காலோவேயின் நிகழ்ச்சியில் மேடையேறினார். அது கறுப்பினக் கலைஞர்கள் ஆட, பணக்கார வெள்ளையர்கள் குடித்துக்கொண்டே பார்க்கும் இரவு விடுதி. அக்டோபர் 31-இல் டெக்கா என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்கு நான்கு பாட்டுகள் பதிந்தார். டிசம்பர் 23-இல் ஜான் ஹாமண்ட் என்பவர் நியூயார்க்கின் பெரிய கச்சேரி அரங்கமான கார்னகி ஹாலில் நடத்திய கறுப்பின இசை நிகழ்ச்சியில் பாடினார். வருஷத் தொடக்கத்தில் சபைக் கூட்டங்களில் பாடிக்கொண்டிருந்த பெண், வருஷக் கடைசியில் கார்னகி ஹாலில். வயது இருபத்து மூன்று.

டெக்காவில் பதிந்த அந்த நான்கில் ஒன்று 'ராக் மீ'. பெயரைப் பார்த்து "பார்த்தீர்களா, அப்போதே ராக்!" என்று இணையத்தில் குதிப்பார்கள், அது தவறு. தாமஸ் டார்சி எழுதிய பக்திப் பாட்டு அது. "உம் மார்போடு அணைத்து என்னைத் தாலாட்டும்" என்று கர்த்தரிடம் கேட்பது, அதாவது அங்கே 'ராக்' என்றால் தொட்டில் ஆட்டுவது. (இந்த டார்சியே முதலில் ப்ளூஸ் பியானோக்காரராக மா ரெய்னி என்ற ப்ளூஸ் பாடகியோடு ஊர் சுற்றியவர்; பிறகுதான் சபைப் பாட்டுக்கு வந்து காஸ்பல் என்ற வகைக்கே தகப்பன் ஆனார். ஆக, தெருவுக்கும் சபைக்கும் நடுவில் இருந்த சுவர் எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள்.) ரொசெட்டா அதைப் பாடிய விதத்தில் ஒரு குறும்பு இருக்கிறது, கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் கொஞ்சி. இரவு விடுதியில் கேட்பவனுக்கு அது காதல் பாட்டாகவே கேட்கும். சபையில் இருப்பவர்களுக்கு உறுத்தியதும் அதுதான்.

நம் பக்கத்து விசுவாசிகள் பேச்சில் 'உலகப் பாட்டு' என்று ஒரு சொல் இருக்கிறது. சினிமாப் பாட்டு, காதல் பாட்டு, கர்த்தரைப் பாடாத எந்தப் பாட்டும் உலகப் பாட்டு. எனக்குப் பதினாறு வயதில், ஆராதனைக்கு நடுவில் கிட்டாரில் ஒரு சின்ன லீட் (தனி வாசிப்பு) வாசித்ததற்காக எங்கள் சபையின் மூப்பர் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "தம்பி, இது உலகத்தான் வாசிப்பு" என்று சொல்லி இரண்டு மாதம் கிட்டாரைத் தொடவிடவில்லை. அந்த இரண்டு மாதம் எனக்கு எப்படி இருந்தது என்று இப்போதும் ஞாபகம் இருக்கிறது. ரொசெட்டாவின் சபையாரும் அதே சொல்லைத்தான் அவர்கள் மொழியில் சொன்னார்கள். ஆனால் அவர் நின்ற இடம் எவ்வளவு பெரியது! மது ஓடும் இடத்தில் கர்த்தருடைய பாட்டைப் பாடியது, பின்னால் லக்கி மில்லிண்டரின் பெரிய பேண்டோடு சேர்ந்து அசல் உலகப் பாட்டுகளையும் பதிந்தது என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பலர் அவரை ஒதுக்கினார்கள். மறுபக்கம் விடுதிக்காரர்களோ அவரிடம் உலகப் பாட்டை இன்னும் இன்னும் கேட்டார்கள். 1943 வாக்கில் அந்த பேண்டை விட்டு விலகி, மறுபடி காஸ்பலுக்கே திரும்பினார். வற்புறுத்தல் எவ்வளவு, விருப்பம் எவ்வளவு என்பதை அவர் மட்டும்தான் சொல்லியிருக்க முடியும்.

அடுத்தது 1944. உங்கள் கேள்விக்கு நேரடிச் சாட்சி இந்தப் பதிவுதான். பூகி-வூகி என்ற துள்ளலான பாணியில் வாசிக்கும் சாமி பிரைஸ் என்ற பியானோக்காரர், ஒரு பேஸ், ஒரு டிரம், நடுவில் ரொசெட்டாவும் அவர் எலெக்ட்ரிக் கிட்டாரும். பாட்டு 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே'. தினமும் விசித்திரங்கள் நடக்கின்றன என்று போலிப் பக்திக்காரர்களைக் கொஞ்சம் சீண்டிப் பாடுவது. அந்தக் காலத்தில் கறுப்பின மக்களுக்கான தட்டுகளை 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று தனியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். பில்போர்டு என்ற இசைப் பத்திரிகையின் அந்தப் பட்டியலில் 1945-இல் இந்தப் பாட்டு 2-ஆம் இடம்வரை ஏறியது. ஒரு காஸ்பல் தட்டு இப்படி உலகப் பாட்டுகளோடு போட்டி போட்டு ஏறியது அதுவே முதல் முறை. ராக் பாடகர்களான எல்விஸ் பிரெஸ்லியின் முதல் தட்டு வெளிவந்தது 1954-இல், சக் பெர்ரியின் பெயரில் முதல் தட்டு வந்தது 1955-இல். அவர்கள் தட்டுகளையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். பியானோவின் இடது கை ஓட்டம், தட்டு விழும் இடம், பாட்டுக்கு நடுவில் கிட்டார் தனியாகப் புறப்பட்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவது எல்லாம் பத்து வருஷம் முன்னாலேயே இருக்கின்றன.

அப்படியானால் கண்டுபிடித்தவர் இவர்தானா? என் பதில், இல்லை. அப்படி ஒருவரை யாராலும் காட்ட முடியாது. எலெக்ட்ரிக் கிட்டாரைத் தனி வாத்தியமாக நிறுத்தியதில் சார்லி கிறிஸ்டியனுக்கும் டி-போன் வாக்கருக்கும் பங்கு இருக்கிறது. ராய் பிரவுன் இருக்கிறார், ஆர்தர் க்ரூடப் இருக்கிறார், பெயர் எழுதப்படாத நூறு சபை டிரம்மர்கள் இருக்கிறார்கள். இது ஆற்று நீர் மாதிரி, எந்த ஓடையில் தொடங்கியது என்று கேட்டால் எல்லா ஓடையிலும்தான். ஆனால் அந்த ஓடைகளில் மிகப் பெரியவற்றில் ஒன்று இவர் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை, அதற்கு ஆதாரமும் இருக்கிறது.

பின்னாளில் ராக் பாடகராகப் புகழ்பெற்ற லிட்டில் ரிச்சர்ட் பதினான்கு வயதுப் பையனாக இருந்தபோது, 1947-இல், ஜார்ஜியா மாநிலம் மேக்கனில் ரொசெட்டாவின் கச்சேரி. ஆரம்பிக்கும் முன் அந்தப் பையன் அவருடைய பாட்டையே பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டு, மேடையில் ஏற்றிப் பாடவைத்துக் காசும் கொடுத்தார். ரிச்சர்ட் அதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொரு ராக் பாடகர் ஜெர்ரி லீ லூயிஸ் மெம்ஃபிஸில் சாம் ஃபிலிப்ஸின் சன் ரெக்கார்ட்ஸ் கம்பெனிக்கு வாய்ப்புக் கேட்டுப் போனபோது பாடியவற்றில் மேலே சொன்ன 1944 பாட்டும் உண்டு. பாடகர் ஜானி கேஷ் 1992-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்ட நாளில், தன்னைப் பாதித்தவர்கள் வரிசையில் இவர் பெயரைச் சொன்னார். எல்விஸுக்கும் ஒரு கண்ணி இருக்கிறது: பின்னாளில் எல்விஸுக்குப் பின்பாட்டுப் பாடிய ஜோர்டனேர்ஸ் என்ற வெள்ளையர் குழு, அதற்கு முன் ரொசெட்டாவோடு ஊர் ஊராகப் போனவர்கள். எல்விஸுக்கு அவர் கிட்டார் வாசிப்பு மிகவும் பிடிக்கும் என்று அந்தக் குழுவின் கோர்டன் ஸ்டோக்கர் சொல்லியிருக்கிறார். இவையெல்லாம் உறுதியானவை. ஆனால் சக் பெர்ரி, "என் வாழ்க்கை முழுக்க அவரைப் போலச் செய்ததுதான்" என்று சொன்னதாக ஒரு வாசகம் படத்தோடு சுற்றுகிறதே, அதை நான் எடுத்துக்காட்டுவதில்லை. எந்த வருஷம், யாரிடம் சொன்னார் என்று நான் பார்த்த பகிர்வு எதிலும் இல்லை. பெர்ரியின் கிட்டாரில் ரொசெட்டாவின் சாயல் கேட்கிறதா என்றால், எனக்குக் கேட்கிறது. ஆனால் அது என் காது சொல்வது, அத்தாட்சி இல்லை. அதேபோல அந்த வீடியோ எடுத்த நாளில் இன்ன இன்ன இங்கிலாந்துப் பிரபலங்கள் எல்லாம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்று வரும் பட்டியல்களையும் நம்பிவிடாதீர்கள்.

இப்போது அவர் கைக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் கிட்டார் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே தடித்த ஆறாவது கம்பியை இ-யிலிருந்து டி-க்கு ஒரு முழு சுரம் இறக்குங்கள். ஐந்தையும் நான்கையும் தொட வேண்டாம். மூன்றாவதை ஜி-யிலிருந்து அரை சுரம் இறக்கி எஃப் ஷார்ப். இரண்டாவது பி-யிலிருந்து ஏ. முதல் கம்பி இ-யிலிருந்து டி. இப்போது இடது கையை எடுத்துவிட்டு வலது கையால் ஆறு கம்பியையும் ஒருமுறை வருடுங்கள். ஒரு முழு டி மேஜர் கார்டு அதுவாகவே பாடும். இதைத் திறந்த டி டியூனிங் என்பார்கள். அமெரிக்கத் தெற்கில் பழைய ஆட்கள் வைத்த பெயர் 'வெஸ்டாபோல்', கிரைமியப் போரில் முற்றுகையிடப்பட்ட செவஸ்டபோல் நகரத்தின் பெயரில் வந்த 19-ஆம் நூற்றாண்டுக் கிட்டார் இசை ஒன்றிலிருந்து திரிந்து வந்த சொல். ரொசெட்டா இந்த வகை டியூனிங்கில்தான் வாசித்தார், பாட்டுக்குத் தக்கபடி சுருதியை ஏற்றி இறக்கிக்கொண்டு.

இதனால் என்ன ஆயிற்று? கட்டைவிரல் தடித்த கம்பிகளில் தாளத்தை நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருக்க, மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் விளையாட முடிந்தது, இடது கை கார்டு பிடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் போய்விட்டது. விரல்களில் பிக் (கம்பியை மீட்டும் சின்ன உறை) மாட்டியிருப்பார், அதனால் ஒவ்வொரு சுரமும் மணியடித்த மாதிரி விழும். பாட்டின் ஒரு அடியைப் பாடி நிறுத்துவார், உடனே கிட்டார் ஒரு சின்ன வாக்கியம் சொல்லும். அடுத்த அடி, அடுத்த வாக்கியம். இதை நான் வருஷக்கணக்காக ப்ளூஸ் உத்தி என்றே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாஸ்டர் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்க, அவர் மூச்சு விடும் இடத்திலெல்லாம் பின்வரிசை அம்மாமார்கள் "ஆமென்... ஸ்தோத்திரம்" என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, ரொசெட்டாவின் கிட்டார் செய்வது அந்த அம்மாமார்களின் வேலை. பாடுகிற குரல் பிரசங்கியார், கம்பிகள் சபை. மேடையில் தன்னந்தனியாக நின்றாலும் அவர் கூடவே ஒரு சபையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். அதற்குப் பிறகு அவரை நான் வேறு மாதிரியாகக் கேட்க முடிந்ததே இல்லை.

1946-இல் காஸ்பல் பாடகி மஹாலியா ஜாக்சனின் கச்சேரி ஒன்றில் மேரி நைட் என்ற பாடகியைக் கேட்டு, தன்னோடு சேர்ந்து பாட அழைத்தார். இருவரும் பாடிய 'அப் அபவ் மை ஹெட்' பெரிய வெற்றி. ஒருவர் பாட மற்றவர் எதிரொலிக்கும் பாட்டு, மறுபடியும் அதே சபை விளையாட்டுதான். இரண்டு பெண்கள், ஆண் துணையில்லாமல், நிறவெறிச் சட்டங்கள் நடப்பில் இருந்த தெற்கு மாநிலங்களில் ஊர் ஊராகப் போனார்கள் என்பதை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். ஹோட்டலில் அறை தரமாட்டார்கள், சாப்பாட்டுக் கடையில் முன்வாசலில் விடமாட்டார்கள். ரொசெட்டா பக்கவாட்டில் தன் பெயர் எழுதிய ஒரு பஸ் வைத்திருந்தார். தூக்கம் அதில்தான். ஜோர்டனேர்ஸ் கூட வந்த பயணங்களில் அந்த வெள்ளைக்காரப் பையன்கள் கடைக்குள் போய்ச் சாப்பாடு வாங்கி வந்து பஸ்ஸில் கொடுப்பார்கள். அன்று இரவு அரங்கம் நிரம்பி வழியும், கடைக்குள் உட்கார்ந்து சாப்பிட மட்டும் அவருக்கு அனுமதி இல்லை.

1951 ஜூலை 3 அன்று அவருடைய மூன்றாவது கல்யாணம் வாஷிங்டனின் கிரிஃபித் ஸ்டேடியத்தில் நடந்தது. பேஸ்பால் மைதானம், டிக்கெட் விற்றார்கள், வந்தவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல் (25,000 என்றும் எழுதுகிறார்கள்). சடங்கு முடிந்ததும் மணப்பெண் கல்யாண உடையிலேயே கிட்டாரை மாட்டிக்கொண்டு கச்சேரி செய்தார், கடைசியில் வாணவேடிக்கை. டெக்கா அதைப் பதிந்து தட்டாகவும் விற்றது. மாப்பிள்ளை ரஸல் மாரிசன், பிறகு அவருக்கு மேனேஜர் ஆனார். கல்யாணத் தேதியும் மைதானமும் முடிவான பிறகுதான் மாப்பிள்ளையே முடிவானார் என்று ஒரு கதை உண்டு, கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த உயரத்திலிருந்து அவர் எப்படி மறைந்தார்? ஐம்பதுகளில் காஸ்பல் ரசிகர்களின் மனம் மஹாலியா ஜாக்சன் பக்கம் சாய்ந்தது. மஹாலியா உலகப் பாட்டு பாடமாட்டேன், இரவு விடுதியில் பாடமாட்டேன் என்று கடைசிவரை நின்றவர், சபையாருக்கு அவரிடம் எந்த உறுத்தலும் இல்லை. அதே நேரம் ரொசெட்டாவின் வாசிப்பைக் கேட்டு வளர்ந்த பையன்கள் அதே தாளத்தில் காதல் பாட்டுப் பாடி இளைஞர் கூட்டத்தை அள்ளிக்கொண்டார்கள். நாற்பது வயதுக் கறுப்பினப் பெண், கையில் கிட்டார், வாயில் இயேசுவின் நாமம்: இவரை எந்த அலமாரியில் வைப்பது என்று இசைத்தட்டுக் கடைக்காரருக்கும் தெரியவில்லை, பின்னால் வரலாறு எழுதியவர்களுக்கும் தெரியவில்லை. காஸ்பல் பற்றி எழுதியவர்கள் அவரைப் பாதி வெளியே போனவராகவும், ராக் பற்றி எழுதியவர்கள் அவரைச் சபைக்காரியாகவும் பார்த்துக் கடந்துபோனார்கள். நிறமும் பெண் என்பதும் இதில் எவ்வளவு என்று கேட்டால், நிறையவே என்று சொல்வேன். கிட்டார் மேதைகள் பட்டியல் போட்டவர்களின் கண்ணில் பெண்கள் படவே இல்லை என்பதை இந்தத் தொழிலில் இருந்து நானே பார்த்திருக்கிறேன், இன்றும் என் வகுப்புக்குப் பெண் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் "கீபோர்டு போதும் சார்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

உள்ளூரில் மறந்தாலும் ஐரோப்பாவில் வரவேற்பு இருந்தது. 1957-இல் கிறிஸ் பார்பரின் ஜாஸ் குழுவோடு இங்கிலாந்தைச் சுற்றினார். 1964-இல் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் முதலியவர்களோடு மறுபடி போனார். நீங்கள் பார்த்த வீடியோ அப்போது எடுத்ததுதான்: மே 7, மான்செஸ்டரில் பயணிகள் வண்டி நின்றுபோன வில்பிரகாம் ரோடு ஸ்டேஷன். கிரனாடா டெலிவிஷன்காரர்கள் ஒரு பிளாட்பாரத்தை அமெரிக்கத் தெற்கத்தி ஸ்டேஷன் மாதிரி ஜோடித்து, எதிர்ப் பிளாட்பாரத்தில் இளைஞர்களை உட்காரவைத்தார்கள், நடுவில் தண்டவாளம். அன்றைக்கென்று மழை. ரொசெட்டா குதிரை வண்டியில் வந்து இறங்குகிறார், ஒருவர் கைபிடித்து நடத்தி வருகிறார். வெள்ளை நிற கிப்சன் கிட்டார் காத்திருக்கிறது. மழையைப் பார்த்ததும் திட்டமிட்ட பாட்டை விட்டுவிட்டு, நோவா காலத்துப் பெருமழையைப் பாடும் 'டிடின்ட் இட் ரெயின்' பாட்டை எடுத்துவிட்டார். வயது நாற்பத்தொன்பது. கிட்டார் தனியாகப் பேசும் இடம் வரும்போது அவர் முகத்தைப் பாருங்கள், விரலைப் பார்க்க வேண்டாம். வேலை செய்கிற முகமே இல்லை அது, ஆராதனையில் இருக்கிற முகம்.

அவருடைய அம்மா 1960-களின் கடைசியில் இறந்தார். 1970-இல் ரொசெட்டாவுக்குப் பக்கவாதம் வந்தது, சர்க்கரை நோயால் ஒரு காலையும் எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகும் பாடினார். 1973 அக்டோபர் 9 அன்று ஃபிலடெல்ஃபியாவில், ஒரு ஒலிப்பதிவுக்கு நாள் குறித்திருந்த நேரத்தில், காலமானார். ஐம்பத்தெட்டு வயது. நார்த்வுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள், முப்பத்தைந்து வருஷம் அந்த இடத்தில் பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லை. 1998-இல் அமெரிக்கத் தபால்துறை 32 சென்ட் தபால்தலையில் அவர் முகத்தைப் போட்டது, அப்போதும் கல்லறையில் பெயர் இல்லை. 2008 ஜனவரி 11-இல் ரசிகர்கள் கச்சேரி நடத்திப் பணம் திரட்டிய பிறகுதான் கல் வந்தது. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2018-இல். அதுவும் 'ஆரம்பகாலத் தாக்கம்' என்ற பிரிவில்.

சரி, மூன்றாவது கேள்வி. அவரை ராக் இசைக்காரர் என்று அழைப்பதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, ஆனால் அந்தப் பெயர் பின்னால் வந்த பையன்களை வைத்து அவரை அளக்கிறது. அவர் என்ன செய்கிறோம் என்று நினைத்துச் செய்தாரோ அதற்கு அவரிடமே பெயர் இருந்தது: ஊழியம். விடுதியில் பாடியபோதும், மைதானத்தில் கல்யாணக் கோலத்தில் வாசித்தபோதும் அவர் கைக்குள் ஓடியது கேட்டி பெல் நூபினின் கூட்டங்களில் பழகிய அதே தாளம்தான். அந்தத் தாளத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்தார்கள். இது என் கருத்து, இசை வரலாறு படித்தவர்கள் மாறுபடலாம். அவரே உலகப் பாட்டையும் ரசித்துத்தானே பாடினார் என்று கேட்டால் அதற்கும் நியாயம் இருக்கிறது, அந்தப் பதிவுகளில் அவர் குரலில் சந்தோஷம் தெரியத்தான் செய்கிறது.

கேட்க ஆரம்பிப்பதென்றால், பிளாட்பார வீடியோவை ஏற்கனவே பார்த்துவிட்டீர்கள், அடுத்து 1944 பாட்டு. பிறகு 1938 'ராக் மீ'யைத் தனியாகவும், லக்கி மில்லிண்டர் பேண்டோடு பதிந்ததைத் தனியாகவும் கேட்டால், ஒரே பாட்டு சபைக்கும் விடுதிக்கும் எப்படி இடம் மாறுகிறது என்று காதே சொல்லிவிடும். 'டவுன் பை தி ரிவர்சைட்' பதிவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2004-இல் பாதுகாக்க வேண்டியவை பட்டியலில் சேர்த்திருக்கிறது, அதில் கிட்டார் சோலோவை மட்டும் நான்கைந்து முறை திருப்பிப் போடுங்கள். கடைசியாக, அவர் தன் அம்மாவோடு சேர்ந்து பாடிய 'நைன்டி நைன் அண்ட் எ ஹாஃப் வோன்ட் டூ'. தொண்ணூற்றொன்பதரை போதாது, நூறு வேண்டும் என்று ஏறிக்கொண்டே போகும் பாட்டு. அதில் கேட்டி பெல்லின் குரல் வரும் இடத்தில் மகள் எவ்வளவு விட்டுக்கொடுத்துப் பாடுகிறார் என்று கவனியுங்கள்.